கேம்பர் இழுக்க டபிள்யூ.டி. ஹிட்ச் வேணுமா, வேணாமா?

செராஸ்_கேம்பர் | 3 பிப்ரவரி 2025, இரவு 9:12

நேரா கேக்குறேன். டபுள் கேப் பிக்கப், வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி) 3 மீட்டர். பின்னால இழுக்கிற கேம்பர் (சக்கரம் வச்ச முகாம் வீடு) காலியா 1,150 கிலோ, சாமான் ஏத்தினா 1,400. மாட்டினதும் பின்பக்கம் உக்காந்துடுது, மூக்கு தூக்கிக்குது, ராத்திரியில எதிர்ல வர்றவன் எல்லாம் லைட் அடிச்சுக் காட்டுறான். ஹிட்ச் (வண்டியையும் கேம்பரையும் இணைக்கிற சாமான்) விக்கிற கடையில "வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் (டபிள்யூ.டி.) ஹிட்ச் போடுங்க, எல்லாம் சரியாப் போயிடும், கேம்பர் பக்கவாட்டுல ஆடுற ஆட்டமும் நின்னுடும்"னு சொல்றாங்க. விலை நாலு இலக்க வெள்ளி (ரிங்கிட்). பெரும்பாலும் காராக் நெடுஞ்சாலை வழியா செராத்திங் கடற்கரை, எப்பயாவது பினாங்கு ரெண்டாவது பாலம். வாங்கலாமா?

பழையஇரும்பு | 3 பிப்ரவரி, இரவு 10:05

"எல்லாம் சரியாப் போயிடும்"னு ஒரு சாமானைப் பத்தி யாராவது சொன்னா பர்ஸை உள்ள வச்சுடணும் தம்பி.

அந்த ஹிட்ச் செய்யிற வேலை ஒண்ணே ஒண்ணு. ரெண்டு ஸ்பிரிங் பார் இருக்கும். ஹிட்ச் தலையில இருந்து கேம்பரோட ஏ-ஃபிரேம் (முன்னால நீட்டியிருக்கிற ஏ வடிவச் சட்டம்) வரைக்கும் நீளும். அதைச் சங்கிலி போட்டு இழுத்துக் கட்டினா, பிக்கப்போட பின்பக்கத்தை நெம்புற மாதிரி ஆகும். பின் அச்சுல விழுந்த பாரத்துல ஒரு பங்கு முன் அச்சுக்குப் போகும், இன்னொரு பங்கு கேம்பரோட அச்சுக்குப் போகும். மொத்த எடை ஒரு கிலோ கூட குறையாது.

ஏன் மூக்கு தூக்குதுன்னா, பந்து (பிக்கப் பின்னால கேம்பரை மாட்டுற இரும்பு உருண்டை) இருக்கிற இடம் பின் அச்சுக்குப் பின்னால. கட்டை மேல வச்ச பலகை மாதிரி. பந்து மேல 150 கிலோ, பின் அச்சுல இருந்து பந்து 1.25 மீட்டர் தள்ளி, வீல்பேஸ் 3 மீட்டர்னு வச்சுக்குவோம். 150 × 1.25 ÷ 3 = 62.5 கிலோ முன் அச்சுல இருந்து காணாமப் போகும். பின் அச்சுல ஏறுறது 150 இல்ல, 212.5. நிறையப் பேர் இந்த ரெண்டாவது எண்ணைத்தான் மறந்துடுறாங்க.

உங்க எண்களைக் கொடுங்க: பந்து எடை (கேம்பர் பந்து மேல அழுத்துற பாரம்) எவ்வளவு, பின் அச்சு நடுவுல இருந்து பந்து எவ்வளவு தூரம், மாட்டுறதுக்கு முன்னயும் பின்னயும் முன் மட்கார்ட் விளிம்பு தரையில இருந்து எத்தனை மில்லிமீட்டர். அதுக்கு முன்னால வாங்கலாமா வேணாமான்னு பேசுறது ஜோசியம்.

அல்சா_ஆசாமி | 3 பிப்ரவரி, இரவு 10:31

பால் வெயிட், பால் வெயிட்னு எல்லா இடத்துலயும் எழுதுறாங்களே, நான் ரொம்ப நாளா பால்காரர் சங்கதின்னு நெனச்சேன்.

பழையஇரும்பு | 3 பிப்ரவரி, இரவு 10:40

அதான் பந்து எடைன்னு எழுதுறேன்.

செராஸ்_கேம்பர் | 4 பிப்ரவரி, காலை 7:50

அண்ணே, பந்து எடையை வீட்டுல எப்படிப் பாக்குறது? குளியலறைத் தராசு 150 கிலோவோட நின்னுடும்.

பழையஇரும்பு | 4 பிப்ரவரி, மதியம் 1:15

ஒரு கெட்டியான பலகை, ரெண்டு இரும்புக் குழாய்த் துண்டு, தராசு உயரத்துக்கு ஒரு செங்கல், இது போதும். பலகையோட ஒரு முனை செங்கல் மேல வச்ச குழாய்ல, மறு முனை தராசு மேல வச்ச குழாய்ல. ரெண்டு குழாய்க்கும் இடையில சரியா 90 செண்டிமீட்டர். செங்கல் பக்கத்துல இருந்து 30 செண்டிமீட்டர்ல கோடு போட்டு, அந்தக் கோட்டு மேல கேம்பரோட கப்ளரை (பந்து மேல பூட்டுற வாய்) ஒரு கட்டை வழியா இறக்குங்க. தராசு மூணுல ஒரு பங்கைத்தான் காட்டும். பலகையோட எடை ஏற்கனவே தராசுல விழுந்திருக்கும், அதை முதல்லயே குறிச்சு வச்சுக் கழிச்சுட்டு மூணால பெருக்குங்க.

தப்பு நடக்கிற இடம் மூணு. ஒண்ணு, கப்ளர் உயரம். இழுக்கும்போது எந்த உயரத்துல இருக்குமோ அதே உயரத்துல இருக்கணும், மூக்கை ஏத்தி இறக்கினா எண் மாறும். ரெண்டு, ஜாக்கி வீல் (கேம்பர் மூக்கைத் தாங்குற சின்னச் சக்கரம்) தரையைத் தொட்டுக்கிட்டு இருந்தா அது பாரத்தைத் திருடும். மூணு, காலி கேம்பரை நிறுத்துப் பாத்துட்டு சாமான் ஏத்துறது. கேஸ் தோம்பு (சிலிண்டர்), தண்ணி, பேட்டரி, கூடாரம், எல்லாத்தையும் அதது இடத்துல வச்சிட்டு நிறுங்க. சக்கரத்துக்கு முட்டு கொடுக்க மறக்காதீங்க.

பிறை_வெல்டர் | 4 பிப்ரவரி, இரவு 8:22

எண் வர்றதுக்குள்ள இன்னொண்ணு பாருங்க. உங்க கேம்பர் கப்ளர் ஓவர்ரன் வகையா? பிரேக் பிடிச்சா கேம்பர் முன்னால தள்ளி, கப்ளருக்குப் பின்னால இருக்கிற தண்டு உள்ள போய், அதுதான் கேம்பரோட பிரேக்கை இழுக்கும். கருப்பு ரப்பர் மடிப்பு உறை ஒண்ணு தண்டைச் சுத்தி இருந்தா அதேதான். ஹேண்ட்பிரேக் நெம்புகோலும் பக்கத்துலயே இருக்கும்.

அந்த வகைன்னா ஸ்பிரிங் பாரோட நெம்பு விசை முழுக்க அந்த வழுக்குத் தண்டு மேலயும் அதைத் தாங்குற புஷ் மேலயும் வளைவா வந்து விழும். தண்டு சிக்கிக்கும். சிக்கினா கேம்பர் பிரேக் லேட்டாப் பிடிக்கும், இல்ல பிடிச்சது விடாது. சங்கிலி வகைன்னா கொஞ்சமாவது முன்ன பின்ன ஆடும். ஆட்டம் தடுக்கிறதுக்கு பிராக்கெட்டோட இறுக்கிப் பிடிக்கிற வகை இருக்கே, அது கப்ளரை நகரவே விடாது, பிரேக் சுத்தமா வேலை செய்யாது. ஐரோப்பிய ஏ-ஃபிரேம் மெல்லிசு வேற. பிராக்கெட் போட ஓட்டை போட்டாலோ வெல்ட் வச்சாலோ சேசிஸ் கம்பெனி பொறுப்பு எடுக்காது. புஸ்பாகோம் வண்டிப் பரிசோதனையில கேள்வி வந்தாலும் பதில் இருக்காது. வெல்ட் வச்சுத் தாங்கன்னு வர்றவங்களைத் திருப்பி அனுப்புறதுதான் நல்ல பட்டறைக்கு அழகு.

செராஸ்_கேம்பர் | 4 பிப்ரவரி, இரவு 9:03

ரப்பர் மடிப்பு உறை இருக்கு. கடைக்காரர் இதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல.

காராக்_இறக்கம் | 4 பிப்ரவரி, இரவு 11:47

ரெண்டு பேரும் ரொம்பப் பயமுறுத்துறீங்க. அமெரிக்காவுல எல்லாரும் இதை மாட்டிக்கிட்டுத்தான் இழுக்குறாங்க. முன்பக்கத்தை மாட்டுறதுக்கு முந்தின உயரத்துக்கே கொண்டு வந்துடு, வண்டி தண்டவாளத்துல போற மாதிரி போகும். ஹிட்ச் வேணாம்னா பின் ஸ்பிரிங்குக்கு ஏர்பேக் (காத்து அடைக்கிற ரப்பர் பை) போட்டுடு, உக்காராது. ஏதாவது ஒண்ணு செய்யணும், காராக் இறக்கத்துல மூக்கு தூக்கின வண்டியோட இறங்கக் கூடாது.

பழையஇரும்பு | 5 பிப்ரவரி, காலை 6:58

கடைசி வாக்கியம் மட்டும் சரி.

ஏர்பேக் பின்பக்கத்தைத் தூக்கும், பாக்க மட்டமா இருக்கும். ஆனா முன் அச்சுல இருந்து போன 62 கிலோ திரும்பி வராது. பலகையோட ஒரு முனைக்கு அடியில முட்டு கொடுத்தா மறு முனையில ஆள் ஏறிடுவானா? லைட் கீழ இறங்கும், ஸ்டீயரிங் லேசாவே இருக்கும். அது இன்னும் மோசம், ஏன்னா கண்ணுக்குத் தெரிஞ்ச அறிகுறியும் போயிடுது. ஏர்பேக் கெட்ட சாமான் இல்ல. பின் ஸ்பிரிங் நொந்து போயிருந்தா உதவும். பின் அச்சோட வரம்பை மட்டும் அது கூட்டாது.

அமெரிக்கா சங்கதி: அங்க பந்து எடை கேரவன் எடையில 10 முதல் 15 விழுக்காடு. ஐரோப்பாவுல 4 முதல் 7 விழுக்காடுக்குள்ளயே வச்சுக்கிட்டு மெதுவா இழுப்பாங்க. அதனால அவங்களுக்கு இந்த ஹிட்ச் தேவையே பெருசா வரல. நம்ம ஊருக்கு ரெண்டு பக்கத்துச் சாமானும் வருது. ஐரோப்பிய கப்ளர்ல அமெரிக்க ஹிட்ச்சை மாட்டுறதுதான் இந்த இழையோட நோய்.

முழு உயரத்துக்குத் திருப்புறது பழைய பழக்கம். இப்ப பல கம்பெனிங்க, போன முன் பாரத்துல பாதியைத் திருப்பினா போதும்னு சொல்றாங்க. காரணம் இருக்கு. முன்னால ரொம்பத் தள்ளினா பின் சக்கரம் லேசாகும், மழையில வளைவுல பின்பக்கம் முதல்ல வழுக்கும். முன்பக்கம் வழுக்கினா வண்டி வளையாம நேரா போகும், காலை எடுத்தா பிடிச்சுக்கலாம். பின்பக்கம் வழுக்கினா கேம்பர் வந்து மடிச்சுடும். கெந்திங் செம்பா இறக்கம், சாயங்கால மழை, இதுக்கு மேல சொல்லத் தேவையில்ல.

பாதி திருப்பினா உங்க கணக்குல முன் அச்சுக்கு 31 கிலோ வரும், பின் அச்சுல 31 குறையும்.

பழையஇரும்பு | 5 பிப்ரவரி, மதியம் 12:40

மேல எழுதின கடைசி வரி தப்பு. கேம்பர் அச்சை விட்டுட்டேன். பந்துல இருந்து கேம்பர் அச்சு 3.5 மீட்டர்னு வச்சா, முன்னால 31 கிலோ திரும்பும்போது கேம்பர் அச்சுக்கும் ஏறக்குறைய 20 கிலோ போகும். ஆக பின் அச்சுல குறையிறது 51. ஹிட்ச் போடாம விட்டா முன் −62, பின் +212. பாதி திருப்பினா முன் −31, பின் +161, கேம்பர் +20. கூட்டிப் பாருங்க, அதே 150 வரும். கேம்பர் டயரும் அச்சும் ஏற்கனவே வரம்போட விளிம்புல இருந்தா இந்த 20 அங்க வலிக்கும்.

காராக்_இறக்கம் | 5 பிப்ரவரி, மாலை 5:10

சரி, ஏர்பேக் விஷயத்தை ஒத்துக்குறேன் அண்ணே. ஆனா ஆட்டம்? லாரியோ எக்ஸ்பிரஸ் பஸ்ஸோ பக்கத்துல போனா உறிஞ்சி இழுத்துத் தள்ளுதே, அதுக்கு ஹிட்ச்தான் மருந்து.

பிறை_வெல்டர் | 5 பிப்ரவரி, இரவு 7:35

இல்ல. வாலாட்டம் வர்றது பெரும்பாலும் பந்து எடை கம்மியா இருந்து, பின் முனையில சாமான் குவிஞ்சு, வேகம் கூடி. சைக்கிள் ரெண்டு, ஜெனரேட்டர், ஸ்பேர் டயர் எல்லாம் கேம்பரோட பின் பம்பர்ல தொங்கினா எந்த ஹிட்ச்சும் காப்பாத்தாது. முன் அச்சுல பாரம் திரும்பினா ஸ்டீயரிங் பிடிமானம் வரும், அதனால ஓட்டுறவருக்கு ஆட்டம் குறைஞ்ச மாதிரி தெரியும், அவ்வளவுதான். உராய்வுக் கட்டை சேர்ந்த வகைங்க கொஞ்சம் அடக்கும். அதுலயும் தனியா மாட்டுற உராய்வு பாரை ரிவர்ஸ் எடுக்கிறதுக்கு முன்னால கழட்டணும், இல்லன்னா வளைஞ்சுடும். ஈரச் சாலையில தளர்த்தச் சொல்ற கம்பெனிங்களும் உண்டு. நம்ம ஊர்ல ஈரம் இல்லாத சாயங்காலம் எத்தனை?

ஓவர்ரன் கப்ளருக்கு ஏத்த சாமான் வேற. கப்ளருக்குள்ளயே உராய்வுப் பட்டை வச்ச ஸ்டெபிலைசர், 50 மில்லிமீட்டர் பந்துக்கு. அதுக்குப் பந்து சுத்தமா, கிரீஸ், பெயிண்ட் எதுவும் இல்லாம இருக்கணும். சாதாரண கப்ளர்னா கிரீஸ் தடவணும். ரெண்டையும் மாத்திச் செஞ்சா உராய்வுப் பட்டை கெட்டுப் போகும், இல்ல பந்து தேயும். பாதி பேர் இங்கதான் கோட்டை விடுறாங்க.

பந்து அளவைப் பத்தியும் சொல்லிடுறேன். 50 மில்லிமீட்டரும் 2 இஞ்சும் ஒண்ணு இல்ல. 2 இஞ்சு 50.8. 50 பந்து மேல 2 இஞ்சு கப்ளரைப் போட்டா கடகடன்னு ஆடும். பந்து மேலயும் கப்ளர் மேலயும் எண் அடிச்சிருக்கும், படிங்க.

பழையஇரும்பு | 5 பிப்ரவரி, இரவு 9:20

ஆட்டம் ஆரம்பிச்சா: எண்ணெய்ப் பெடல்ல இருந்து காலை எடு, ஸ்டீயரிங்கை நேரா பிடி, எதிர்த் திருப்பு திருப்பாதே, பிரேக்கை மிதிக்காதே. கேம்பர்ல எலக்ட்ரிக் பிரேக் இருந்தா கன்ட்ரோலர்ல கையால கேம்பர் பிரேக்கை மட்டும் லேசா கொடு. வேகத்தைக் கூட்டி நேராக்குறதுன்னு ஒரு வித்தை சொல்லுவாங்க, இறக்கத்துல அது மரணம். ரெண்டாவது பாலத்துல 80 வரம்பு. பக்கக் காத்து அடிச்சா 70ல போங்க. 24 கிலோமீட்டர்ல 80க்கும் 70க்கும் வித்தியாசம் மூணு நிமிஷத்துக்கும் கம்மி.

அல்சா_ஆசாமி | 5 பிப்ரவரி, இரவு 9:48

அல்சா காருக்கு இந்த ஹிட்ச் மாட்டி 500 கிலோ டியர்டிராப் (குட்டி கேம்பர்) இழுக்கலாமா லா?

பிறை_வெல்டர் | 5 பிப்ரவரி, இரவு 10:02

வண்டியோட கைநூல்ல இழுவை எடைன்னு ஒரு எண் போட்டிருக்கான்னு பாருங்க. எண் இல்லன்னா பேச்சு முடிஞ்சுது. எண் இருந்தாலும் 500 கிலோ டியர்டிராப்புக்குப் பந்து எடை 50 சொச்சம்தான் வரும். அதுக்கு ஸ்பிரிங் பார் போட்டா பார் வளையவே வளையாது, ரோட்டுல இருக்கிற ஒவ்வொரு குழியும் ரிசீவரை (வண்டியில ஹிட்ச் சொருகுற இரும்புக் கூடு) உடைக்கிற மாதிரி இடிக்கும். சேசிஸ் தனியா இல்லாத பல வண்டிங்களுக்கு இந்த ஹிட்ச்சையே வேணாம்னு கைநூல்ல எழுதியிருப்பாங்க, அதையும் தேடுங்க.

பட்டர்வொர்த்_வேன் | 6 பிப்ரவரி, காலை 10:15

இடையில நுழையிறதுக்கு மன்னிக்கணும். இங்க 2,200 கிலோ கேரவன், ரெட்டை அச்சு, எலக்ட்ரிக் பிரேக், பந்து எடை 230. கைநூல் ஹிட்ச்சை அனுமதிக்குது. ஹிட்ச் ஏற்கனவே இருக்கு, ஆனா யாரும் சரியா செட் பண்ணிக் கொடுக்கல. வரிசையாச் சொல்ல முடியுமா?

பழையஇரும்பு | 6 பிப்ரவரி, இரவு 8:55

இந்த இழையில ஹிட்ச் உண்மையிலேயே வேண்டிய ஆள் இவர்தான்.

முதல்ல ரிசீவர் மேல இருக்கிற தகட்டைப் படிங்க. ரெண்டு எண் இருக்கலாம்: பாரம் சும்மா தாங்குறதுக்கு ஒண்ணு, எடை பிரிக்கும் ஹிட்ச்சோட ஒண்ணு. ரெண்டாவது பெருசா இருந்தாலும் அது ரிசீவரோட வரம்புதான், வண்டியோட பந்து எடை வரம்பு அதனால கூடாது. ஸ்பிரிங் பார் பந்து எடைக்கு ஏத்ததா இருக்கணும். பெரும்பாலும் பவுண்டுல அடிச்சிருக்கும். 600 பவுண்டு 272 கிலோ, உங்க 230க்கு அது சரி. 1,000 பவுண்டு பார் வாங்கிட்டா ஜாக்கிரதைன்னு அர்த்தம் இல்ல, விறைப்புன்னு அர்த்தம்.

மட்டமான தரை. வண்டியில ஆளும் சாமானும் ஏத்தி, டயர் காத்து கதவு ஸ்டிக்கர்ல முழு பாரத்துக்குப் போட்ட அளவுக்கு. ஏர்பேக் இருந்தா அதை முதல்லயே செட் பண்ணிட்டு அப்புறம் தொடாதீங்க. இப்ப கேரவன் இல்லாம முன் மட்கார்ட் விளிம்பு உயரத்தை எழுதுங்க. அப்புறம் கேரவனை மாட்டுங்க, பார் போடாம அளங்க. உதாரணத்துக்கு 870, 886ன்னு வந்துச்சுன்னா 16 மில்லிமீட்டர் தூக்கியிருக்கு. இலக்கு 878. 870க்குக் கீழ ஒருபோதும் போகக் கூடாது.

பார் மாட்டுறதுக்கு முன்னால பந்து பூட்டியிருக்கிற நிலையிலேயே ஜாக்கி வீலால ரெண்டையும் சேர்த்து மேல தூக்குங்க, அப்ப சங்கிலி லேசா ஏறும். தூக்காம நெம்புகுழாயால இழுத்தா குழாய் எகிறி வந்து தாடையைப் பேத்துடும். கழட்டும்போதும் இதே. முகம் குழாய்க்கு நேரா இருக்கவே கூடாது. ரெண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கைக் கண்ணி. பாருக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில அஞ்சு கண்ணியாவது இருக்கணும், இல்லன்னா கூர்மையா திரும்பும்போது சங்கிலி இழுபட்டு அறுந்துடும். அஞ்சுக்குக் குறைஞ்சும் உயரம் இறங்கலன்னா கண்ணியைக் குறைக்கிறது வழி இல்ல, ஹிட்ச் தலையோட சாய்வை வாஷர் போட்டு மாத்தணும். மாத்தினதும் திரும்ப முதல்ல இருந்து.

மட்கார்ட் உயரம் ஒரு மதிப்பீடுதான். சந்தேகம் தீரணும்னா பழைய இரும்புக் கடை எடைமேடையில காசு கொடுத்து நிறுங்க. முன் அச்சு மட்டும் மேடையில, அப்புறம் வண்டி முழுக்க, அப்புறம் கேரவன் அச்சும் சேர்த்து. பாரோட ஒரு தடவை, பார் இல்லாம ஒரு தடவை, கேரவனே இல்லாம ஒரு தடவை. பார் போட்டதும் போடாததும் ஒரே மொத்தமா வரணும், வரலன்னா எங்கயோ சக்கரம் மேடை விளிம்புல நிக்குது.

பிறை_வெல்டர் | 6 பிப்ரவரி, இரவு 9:30

அண்ணன் சொல்லாத ஒண்ணு. பாரை எப்பக் கழட்டணும்னு தெரியணும். ஜண்டா பாய்க் பக்கம் முகாம் வாசல்ல லொங்காங் (சாக்கடை) தாண்டி ஏறுற மாதிரி இருக்கும். பிக்கப் மேல ஏறி, கேரவன் இன்னும் பள்ளத்துல இருக்கும்போது ரெண்டும் நடுவுல மடியும், பார் வளையிறதுக்கு மேல வளையணும்னு கேக்கும். ஒண்ணு ஏ-ஃபிரேம் வளையும், இல்ல ரிசீவர் வெல்ட் விடும், இல்ல பின் சக்கரம் அந்தரத்துல சுத்தும். லங்காவிக்குக் கோலா பெர்லிஸ்ல ரோரோ ஃபெரி ஏறுற சாய்பலகையும் அதே கதை. ரெண்டு நிமிஷ வேலை, இறங்கிக் கழட்டிட்டு ஏறுங்க. உள்ள போனதும் கழட்டிக்கலாம்னு நெனைக்கிறவங்க வண்டிதான் பட்டறைக்கு வரும்.

செராஸ்_கேம்பர் | 9 பிப்ரவரி, மாலை 4:20

எண்கள் வந்துச்சு. பந்து எடை 172. பந்து தூரம் அதே 1.25. முன் மட்கார்ட் 868ல இருந்து 880, பின்னால 40 மில்லிமீட்டர் இறக்கம். ஏ-ஃபிரேம் மேல 40 கிலோ டூல் பெட்டி, 14 கிலோ கேஸ் தோம்பு. பிக்கப் பின் கதவை ஒட்டி ஐஸ் பெட்டியும் ஜெனரேட்டரும், சேர்ந்து 60 கிலோ.

பழையஇரும்பு | 9 பிப்ரவரி, இரவு 8:10

172 × 1.25 ÷ 3, முன் அச்சு இழந்தது 72 கிலோ. ஹிட்ச் வாங்கி பாதி திருப்பினா 36 வரும்.

இப்ப காசு இல்லாம செய்யுங்க. டூல் பெட்டியை ஏ-ஃபிரேம்ல இருந்து கேம்பர் உள்ள, அச்சுக்கு நேர் மேல தரையில வையுங்க. பெட்டி பந்துல இருந்து 0.7 மீட்டர்லயும் கேம்பர் அச்சு அதே 3.5 மீட்டர்லயும் இருக்குன்னா பந்து எடை 32 குறையும். 140 ஆகும், 1,400க்குச் சரியா 10 விழுக்காடு. முன் அச்சுக்கு 13 கிலோ திரும்பிடுச்சு. அடுத்து அந்த 60 கிலோவைப் பின் கதவுல இருந்து கேபின் சுவரை ஒட்டித் தள்ளுங்க, 1.3 மீட்டர் நகரும். 60 × 1.3 ÷ 3 = 26. ஆக மொத்தம் 39 கிலோ. ஹிட்ச் கொடுக்கிறதை விட 3 கிலோ கூட.

எல்லாத்தையும் கட்டுங்க. அவிழ்ந்து ஓடுற ஜெனரேட்டர் கேபின் சுவரைப் பிரேக்கா நெனச்சுக்கும்.

செராஸ்_கேம்பர் | 10 பிப்ரவரி, இரவு 9:45

செஞ்சாச்சு. மாட்டினதும் முன்னால 874. முந்தி 880. பந்து எடை 141. லைட் லெவல் திருகியையும் ரெண்டு புள்ளி இறக்கியாச்சு. ஹிட்ச் வாங்கல.

காராக்_இறக்கம் | 10 பிப்ரவரி, இரவு 10:12

கடைக்காரர் வயித்துல அடிச்சிட்டீங்களே லா. இறக்கத்துக்கு ஒண்ணு சொல்லிடுறேன். ஓவர்ரன் பிரேக் இறக்கம் முழுக்க லேசா பிடிச்சபடியே வரும், ஏன்னா கேம்பர் தள்ளிக்கிட்டே இருக்கும். டிரம் சூடாகி பிடிப்பு விட்டுடும். வேகம் ஏறின பிறகு அடக்குறதை விட, உச்சியிலயே கியரைக் குறைச்சு மெதுவா இறங்குங்க.

பழையஇரும்பு | 11 பிப்ரவரி, காலை 7:05

தம்பி, அந்த 141 தண்ணி டேங்க் காலியா இருக்கும்போதா, நிறைஞ்சிருக்கும்போதா?

செராஸ்_கேம்பர் | 11 பிப்ரவரி, காலை 7:30

காலி. 60 லிட்டர் டேங்க், அச்சுக்குப் பின்னால.

பழையஇரும்பு | 11 பிப்ரவரி, காலை 7:52

எவ்வளவு பின்னால? 0.8 மீட்டர்னா நிரப்பினதும் பந்து எடை 14 கிலோ குறையும், மொத்தம் 1,460 ஆகும். 127 ÷ 1,460, ஒன்பதுக்கும் கீழ. மூக்கு தூக்காது, ஆனா வாலாட்டம் அந்தப் பக்கத்துலதான் ஆரம்பிக்கும். காலி டேங்கோட கிளம்பி முகாம்ல நிரப்புங்க. நிரப்பித்தான் போகணும்னா கேஸ் தோம்பு ஏ-ஃபிரேம்லயே இருக்கட்டும், தாராளமா ஒரு பத்துக் கிலோவை முன்னால சேருங்க, அப்புறம் பலகையையும் தராசையும் திரும்ப எடுங்க. பாதி டேங்க் மட்டும் வேண்டாம், குலுங்கும்.

செராஸ்_கேம்பர் | 11 பிப்ரவரி, காலை 8:01

0.9. சனிக்கிழமை நிரப்பி நிறுத்துப் பாத்துட்டு எழுதுறேன்.